வெயில் ஊரில் வெயில் பஞ்சம்!

"வெயிலுக்கா பஞ்சம்? அதுவும் நம் ஊரிலா?" என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரிக்க வேண்டியதுதான். வருஷத்தில் பத்து மாதம் வெயிலைத் திட்டிக்கொண்டே காலத்தைத் தள்ளுகிறவர்கள் நாம். குடை, தொப்பி, திரைச்சீலை, வெட்டிவேர்த் தட்டி, குளிர்சாதன இயந்திரம் என்று சூரியனை விரட்டுவதற்கு எத்தனையோ உபாயங்களைக் கைவசம் வைத்திருக்கிறோம்.

அந்த உபாயங்கள் எல்லாம் எவ்வளவு நன்றாகப் பலித்திருக்கின்றன என்பதற்கு அத்தாட்சி இந்தியக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இருக்கிறது. லக்னோவில் 207 கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, 2005-ம் ஆண்டில் அதன் முடிவை டாக்டர்கள் வெளியிட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு 84 பேருக்கு வைட்டமின் 'டி' போதுமான அளவில் இல்லை! நகரத்துப் பெண், கிராமத்துப் பெண் என்ற வித்தியாசம்கூட அதிகம் காணப்படவில்லை. அடுத்த வீட்டுக் கதை என்று நாம் தள்ளிவிடவும் முடியாது. நமக்குப் பக்கத்தில் உள்ள மைசூரில் கர்ப்பிணிகளைப் பரிசோதித்தபோது மூன்றில் இரண்டு பங்குப் பெண்களுக்கு இதே குறை இருந்தது.

வெயில் கொட்டுகிற தேசத்தில், வெயில் தரும் சத்து இல்லாமல் தாய்மார்கள் பிள்ளை பெறுகிறார்கள். இது ஏன்? இதனால் என்ன கெடுதல்? நாம் செய்ய வேண்டியது என்ன? உங்கள் வீட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்தால், அல்லது நீங்களே அந்தப் பாக்கியவதியாக இருந்தால், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தோலுக்குள் ஒரு தொழிற்சாலை

வைட்டமின்களில் 'ஏ', 'பி', 'ஸி' என்ற மூன்றுக்கும் பெயர் வைத்த பிறகு, நான்காவதாக 1922-ம் ஆண்டில் பெயர் பெற்றது 'டி'. மற்ற வைட்டமின்களைப் பெரும்பாலும் சாப்பாட்டில்தான் தேட வேண்டும். இதையோ நம் உடம்பே செய்துகொள்கிறது. தோலில் கொழுப்பு இனத்தைச் சேர்ந்த ஒரு பொருள் இருக்கிறது. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களில் ஒரு வகை அதன்மேல் பட்டால், அது வைட்டமின் 'டி'யாக மாறுகிறது. பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் அதைப் பக்குவம் செய்து வேலைக்கு அனுப்புகின்றன.

என்ன வேலை? நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து சுண்ணாம்புச் சத்தை, அதாவது கால்ஷியத்தை, குடலிலிருந்து ரத்தத்துக்குள் அழைத்து வருவது. வாசலில் விருந்தாளி வந்து நின்றாலும், கதவைத் திறக்க ஆள் இல்லையென்றால் என்ன பயன்? பாலும் தயிரும் கேழ்வரகுமாக நீங்கள் எவ்வளவு சாப்பிட்டாலும், வைட்டமின் 'டி' குறைவாக இருந்தால் அதிலுள்ள கால்ஷியத்தில் பெரும் பங்கு வந்த வழியே போய்விடும்.

குழந்தை வசூலிக்கும் கடன்

கர்ப்ப காலத்தில் இந்த விஷயம் ஏன் முக்கியமாகிறது தெரியுமா? பிறக்கும் குழந்தையின் எலும்பில் ஏறத்தாழ 30 கிராம் கால்ஷியம் இருக்கிறது. அவ்வளவும் தாயின் ரத்தத்திலிருந்து போனதுதான். அதிலும் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில் போகிறது. இந்தச் செலவைச் சமாளிக்க இயற்கை ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறது. கர்ப்பிணியின் குடல் சாதாரண நாளைவிட ஏறக்குறைய இரு மடங்கு கால்ஷியத்தை ஏற்றுக்கொள்கிறது. ஆனால், சாப்பாட்டில் கால்ஷியமும் உடம்பில் வைட்டமின் 'டி'யும் சேர்ந்து குறைந்துவிட்டால், குழந்தை கடனை வேறு இடத்தில் வசூலிக்கும். எங்கே? தாயின் எலும்பில்!

நெடுநாள் இப்படியே போனால் எலும்பு இறுக்கம் குறைந்து மென்மையாகிவிடும். இடுப்பிலும் தொடையிலும் விலாவிலும் வலி காணும். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கை ஊன்ற வேண்டியிருக்கும். மாடிப்படி ஏறக் கால் வராது. "பிள்ளைத்தாய்ச்சி என்றால் இடுப்பு வலிக்கத்தான் செய்யும். நாங்களெல்லாம் பெறவில்லையா?" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் எல்லா இடுப்பு வலியும் ஒரே வலி அல்ல. வலி நாளுக்கு நாள் அதிகமானாலும், நடையே மாறிவிட்டாலும், டாக்டரிடம் சொல்லத் தயங்கக் கூடாது. இன்னொன்று: குறை இருந்தும் எந்த வலியும் இல்லாமல் வளைய வருகிற பெண்களே அதிகம்.

குழந்தையின் நிலை என்ன? கருவில் இருக்கும் சிசுவுக்கு வெயில் ஏது? தாய் கொடுப்பதுதான் அதற்குக் கிடைக்கிற வைட்டமின் 'டி'. தாயிடம் குறைந்தால் தொப்புள்கொடி ரத்தத்திலும் குறைகிறது என்பதை லக்னோ டாக்டர்கள் அதே பரிசோதனையில் கண்டார்கள். கையிருப்பு இல்லாமல் பிறக்கிற குழந்தை, தாய்ப்பால் குடித்து வளர்கிறது. தாய்ப்பாலுக்கு நிகரான உணவு கிடையாது. அதில் இரண்டாவது அபிப்பிராயத்துக்கே இடமில்லை. ஆயினும் அதில் இயல்பாகவே வைட்டமின் 'டி' மிகவும் சொற்பம். தாயிடமே இல்லாதபோது கேட்க வேண்டுமா?

ரத்தத்தில் கால்ஷியம் மிகவும் குறைந்துபோனால் குழந்தைக்கு இழுப்பு வரலாம். ஜுரம் இருக்காது. பால் குடித்துக்கொண்டு நன்றாக இருந்த கைக்குழந்தை திடீரென்று கண் சொருகி, கை கால் வெட்டி இழுக்கும். இப்படி வந்த குழந்தைகளைச் சென்னையிலேயே டாக்டர்கள் பார்த்திருக்கிறார்கள்; 2006-ல் அதைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதியும் இருக்கிறார்கள். தாய்க்கும் சேய்க்கும் வைட்டமின் 'டி' குறைந்திருந்ததுதான் அங்கே காரணம். இழுப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துக்கொண்டு நேரத்தைப் போக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காரணம் இதுவானால் சிகிச்சைக்குக் குழந்தை நன்றாகவே கட்டுப்படும். கவனிக்காமல் விட்டால், பிறகு கால் வளைந்து, மணிக்கட்டு வீங்கி, 'ரிக்கெட்ஸ்' என்ற எலும்பு நோயாகவும் அது முற்றலாம்.

காஷ்மீரில் கண்ட உண்மை

இந்த விஷயம் நேற்று முளைத்த புதுமை என்று நினைத்துவிடாதீர்கள். காஷ்மீரத்தில் ஸ்ரீநகர்ப் பெண்கள் மருத்துவமனையில் காத்லீன் வாகன் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் வேலை பார்த்தார். பிரசவத்துக்கு வந்த பல பெண்களின் இடுப்பெலும்பு நசுங்கி உருமாறியிருந்ததைக் கண்டு அவர் மனம் பதறினார். எலும்பு மென்மையாகி, உடம்பின் பாரத்தைத் தாங்க மாட்டாமல் வளைந்து, குழந்தை வெளியே வரும் வழியே குறுகிவிட்டது! அக்காலத்தில் அது தாய்க்கும் குழந்தைக்கும் எமனாக முடிந்தது.

யாருக்கு இது வருகிறது என்று அவர் ஆராய்ந்தார். திறந்த வெளியில் பாடுபடும் ஏழைப் பெண்கள் சுலபமாகப் பிரசவித்தார்கள். இருண்ட அறைகளில், கோஷாவில், வெளிச்சம் படாமல் வாழ்ந்த பெண்களே அதிகமாக அவதிப்பட்டார்கள். வெளிச்சம் இல்லாததுதான் காரணம் என்று சொல்லி 1928-ல் ஒரு புத்தகமே எழுதினார். அதே 1928-ல்தான் ஜெர்மன் விஞ்ஞானி அடால்ஃப் விண்டாஸ் நோபல் பரிசு பெற்றார். வைட்டமின்களோடு உறவுள்ள அந்தக் கொழுப்பு இனப் பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக அளித்த பரிசு அது. ஆராய்ச்சிசாலையில் அவர் கண்டதையும் பிரசவ அறையில் அந்த அம்மாள் கண்டதையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வது போல் இருக்கிறது.

"நாங்கள் கோஷாவிலா இருக்கிறோம்?" என்று கேட்பீர்கள். வாஸ்தவம். ஆனால் நகரத்துப் பெண்ணின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். அடுக்குமாடி வீட்டில் காலை வேலை. கண்ணாடி மூடிய வண்டியில் பிரயாணம். காரியாலயத்தில் மின்சார வெளிச்சம். திரும்பும்போது சூரியன் மறைந்துவிடுகிறது. வீட்டோடு இருக்கிற பெண்ணுக்கோ சமையலறை, கூடம், படுக்கை அறை. மாடிக்குத் துணி காயப் போடப் போகிற வேலையைக்கூட இப்போது பால்கனியில் கட்டிய கொடி பறித்துக்கொண்டுவிட்டது. கோஷாத் திரை இல்லைதான், சுவர் இருக்கிறதே!

எந்த வெயில்?

இங்கே நம்மில் பலருக்கு உள்ள ஒரு நம்பிக்கையைத் தொட வேண்டியிருக்கிறது. காலை இளவெயில்தான் உடம்புக்கு நல்லது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். இளவெயில் இதமாகத்தான் இருக்கும். ஆனால் சூரியன் தாழ்ந்து இருக்கும்போது, வைட்டமின் 'டி' உண்டாக்கும் கதிர்கள் காற்று மண்டலத்தைத் தாண்டி வருவதற்குள் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடுகின்றன. திருப்பதியில் டாக்டர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பகல் 11 மணியிலிருந்து 2 மணி வரை உள்ள வெயில்தான் இதற்குப் பயன்படுகிறது என்று தெரிந்தது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிறதா? அதுதான் சரியான நேரம். கடிகாரமே வேண்டாம்.

ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் உதவாது. சூடு வரும், அந்தக் கதிர் வராது. நம்மைப் போல் மாநிறமும் கறுப்புமாக இருக்கும் தோலுக்கு வெள்ளைத் தோலைவிட அதிக நேரம் வேண்டும். ஆகவே இத்தனை நிமிஷம் என்று எல்லோருக்கும் ஒரே கணக்காகச் சொல்ல முடியாது. முகம், கைகள், பாதங்கள் திறந்திருக்க, வாரத்தில் சில நாள் கால் மணியிலிருந்து அரை மணி வரை வெயிலில் இருப்பது ஒரு நடுத்தர யோசனை. உடலை முழுதும் மூடும் ஆடை அணிகிற பெண்கள், வெளியார் கண் படாத மொட்டை மாடியையோ முற்றத்தையோ இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அதற்காக அக்கினி நட்சத்திரத்தில் பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுபோய் மாடியில் நிறுத்திவிடாதீர்கள்! கர்ப்பிணிக்கு உடம்பு அதிகம் சூடேறுவது ஆகாது. தலைக்கு நிழல், கைக்கருகில் தண்ணீர், தலை சுற்றுவது போல் தோன்றினால் உடனே உள்ளே—இந்த மூன்றும் அவசியம். கோடையில் வெயிலை விட்டு மாத்திரையை நம்புவதே புத்திசாலித்தனம்.

"வயிற்றுப் பிள்ளையோடு வெயிலில் நிற்காதே, கறுத்துப் போவாய்!" என்று சொல்லும் அத்தைமார்களுக்கு ஒரு வார்த்தை. வடாத்துக்கும் வற்றலுக்கும் நீங்கள் தேடித் தேடிக் காட்டுகிற வெயிலைப் பெண்ணுக்கும் கொஞ்சம் காட்டுங்கள். நிறம் இரண்டு மாதத்தில் திரும்பிவிடும். எலும்பு அவ்வளவு சுலபமாகத் திரும்பாது.

வெயில் ஒன்றே போதும் என்றும் எண்ண வேண்டாம். திருப்பதிப் பக்கத்தில் வயலில் உழைக்கும் கிராமத்தாருக்கு நகரத்தாரைவிட வைட்டமின் 'டி' அதிகம் இருந்தது. ஆனால் அவர்களிலும் பலருக்குக் குறை இருக்கத்தான் செய்தது.

சமையலறையில் என்ன இருக்கிறது?

வைட்டமின் 'டி'யைப் பொறுத்தவரை நம் சமையலறை ஏழைதான். மத்தி போன்ற கொழுப்பு மீன்களிலும், கொஞ்சம் முட்டையின் மஞ்சள் கருவிலும் அது உண்டு. சைவச் சாப்பாட்டில் இயற்கையாகக் கிடைப்பது அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். இப்போது சில பால் பாக்கெட்டுகளிலும் சமையல் எண்ணெயிலும் இதைச் சேர்த்து விற்கிறார்கள். கூட்டல் குறியும் 'எஃப்' என்ற ஆங்கில எழுத்தும் சேர்ந்த நீல முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உறையில் வைட்டமின் 'டி' என்று அச்சிட்டிருக்கிறதா என்பதையும் படியுங்கள்.

கால்ஷியத்துக்கோ நமக்குக் குறைவில்லை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. முளைகட்டி அரைத்தால் அது உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். பால், தயிர், மோர், எள், கீரை வகைகள், முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் உதவும். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்ஷியமும் 600 யூனிட் வைட்டமின் 'டி'யும் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் வகுத்திருக்கிறது.

மேஜை டிராயரில் தூங்கும் மாத்திரை

இத்தனை கணக்கும் பார்த்துத்தான் மத்திய அரசு 2014-ல் ஒரு விதி செய்தது. கர்ப்பத்தின் 14-வது வாரத்திலிருந்து தினம் இரண்டு மாத்திரை. குழந்தை பிறந்த பிறகும் ஆறு மாதத்துக்கு அதேபோல் இரண்டு. ஒவ்வொரு மாத்திரையிலும் 500 மில்லிகிராம் கால்ஷியமும் 250 யூனிட் வைட்டமின் 'டி'யும். அரசு மருத்துவமனைகளில் இவற்றை இலவசமாகக் கொடுப்பதற்கே இந்த ஏற்பாடு. ஆனால் வாங்கி வந்த மாத்திரை மேஜை டிராயரில் தூங்கினால் யாருக்கு லாபம்?

சாப்பிடும் முறையும் முக்கியம். வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே வேளையில் விழுங்காமல், காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீர்கள். கால்ஷியம் இரும்பை உடம்பில் சேர விடாது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

குறை அதிகமாக இருந்தால் இந்த மாத்திரை மட்டும் போதாது. ரத்தப் பரிசோதனை செய்து, அளவு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான டாக்டர்கள் அதைக் குறை என்று கருதுகிறார்கள். பரிசோதனை எல்லோருக்கும் அவசியமில்லை. வெளியே போகாதவர்கள், உடல் முழுதும் மூடி உடுத்துகிறவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றவர்கள், காக்கை வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் ஆகியோர் டாக்டரிடம் இதைப் பற்றி வாய் திறந்து கேட்க வேண்டும். வலிப்பு மருந்தை மட்டும் யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

அமிர்தமும் நஞ்சும்

மருந்துக் கடையில் 60,000 யூனிட் கொண்ட பொட்டலமும் குளிகையும் கிடைக்கின்றன. இது பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று என்று, சில வாரங்களுக்கு மட்டும் டாக்டர்கள் எழுதித் தருகிற அளவு. 'சத்து மருந்துதானே, தினம் ஒன்று சாப்பிட்டால் சீக்கிரம் குணமாகும்' என்று நினைத்து, தினசரி சாப்பிட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் உண்டு. வைட்டமின் 'ஸி' மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். 'டி' அப்படிப் போகாது, கொழுப்பில் தங்கிவிடும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்ஷியம் ஏறி, குமட்டல், வாந்தி, தாகம், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் எல்லாம் உண்டாகும், சிறுநீரகமும் கெடும். கர்ப்பிணிக்கு வாந்தி வந்தால் மசக்கை என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள்? அதுதான் அபாயம். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எழுதிக் கொடுத்த சீட்டை வைத்து நீங்கள் மருந்து வாங்காதீர்கள்.

இன்னொரு விஷயத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வைட்டமின் 'டி' சாப்பிட்டால் குழந்தை கொழுகொழுவென்று பிறக்கும், ரத்தக் கொதிப்பு வராது, குறைப் பிரசவம் ஆகாது என்றெல்லாம் விளம்பரங்கள் சொல்லும். டாக்காவில் 1,300 கர்ப்பிணிகளை வைத்து நடத்திய பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2018-ல் வெளிவந்தது. மருந்து சாப்பிட்ட தாய்களின் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிடப் பெரிதாக வளர்ந்துவிடவில்லை. உலக சுகாதார ஸ்தாபனமும் 2020-ல், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பொதுவாக இதைத் தனி மருந்தாகக் கொடுக்க வேண்டியதில்லை; குறை இருப்பதாகச் சந்தேகப்படுகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்றுதான் கூறியது. ஆகவே இதைச் சஞ்சீவி என்று எண்ண வேண்டாம். தாயின் எலும்பைக் காப்பதும், குழந்தையை இழுப்பிலிருந்தும் ரிக்கெட்ஸிலிருந்தும் காப்பதும் இதன் வேலை. அது போதாதா?

குழந்தை பிறந்த பிறகு

பிரசவத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை. பிறந்த குழந்தைக்கு முதல் வருஷம் முழுதும் தினம் 400 யூனிட் வைட்டமின் 'டி' சொட்டு மருந்து கொடுக்க வேண்டும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் சிபாரிசு. எத்தனை சொட்டு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எனவே குழந்தை டாக்டர் முன்னிலையிலேயே அளந்து பார்த்துக்கொள்வது உத்தமம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதே இல்லை. பாலோடு இதுவும், அவ்வளவுதான்.

அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எனக்குக் கால்ஷியம் மாத்திரை எப்போது தொடங்க வேண்டும்? இரும்பு மாத்திரையை எந்த நேரம் சாப்பிட வேண்டும்? எனக்கு வைட்டமின் 'டி' பரிசோதனை தேவையா? குழந்தை பிறந்தால் சொட்டு மருந்து என்றைக்குத் தொடங்குவது? ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போனால் மறக்காது.

சீமந்தத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கிறோம். கை நிறைய வளையல் அடுக்குகிறோம். ஐந்து வகைச் சாதம் கலந்து போடுகிறோம். இவ்வளவும் செய்கிற வீட்டில் இன்னும் ஒன்று செய்வது கஷ்டமா? பகல் பதினொரு மணிக்கு மாடியில் ஒரு நாற்காலி போடுங்கள். அவள் தலைக்கு ஒரு நிழல், கையில் ஒரு டம்ளர் மோர். துணைக்கு நீங்களும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். உங்கள் எலும்புக்கும் அது நல்லதுதான்!